காத்து பட்டுகீது டாக்டரம்மா!

எண்பதுகளின் கடைசி. மேனாம்பேட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஓர் அமாவாசை மதியம், லாரியிலிருந்து இறக்கிய இரும்புக் குழாய் உருண்டு அவர் நெஞ்சைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. ரத்தம் இல்லை, காயம் இல்லை. மனிதர் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். "ஒண்ணுமில்ல" என்றார். குரல்தான் அவருடையதாக இல்லை, ஒரே கரகரப்பு.

கொஞ்ச நேரத்தில் கழுத்து உப்ப ஆரம்பித்தது. தொட்டால், தோலுக்கு அடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி நறநறத்தது.

பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் ஒரு பார்வைதான் பார்த்தார். "அமாவாச அதுவுமா புளியமரத்தாண்ட வந்துகீறான். காத்துதான் அட்ச்சிகீது. வேப்பல அட்ச்சா சரியாப்பூடும்" என்று கொத்து ஒடிக்கப் போய்விட்டார். அதற்குள் என் கணவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நல்லா அடிச்சீங்க போங்க என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட்டேன். வேப்பிலையும் கையுமாக நாத்தனாரும் ஏறிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். "காத்து பட்டுகீது டாக்டரம்மா" என்றார் நாத்தனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், என் கணவரைப் பேசச் சொல்லிக் கேட்டார்.

"ஆமாம்மா, காத்துதான். உள்ள எங்கியோ கிழிஞ்சி, மூச்சுக் காத்து தோலுக்கடியில வந்து நிக்குது."

உள்ளே தேங்கிய காற்று வெளியேற நெஞ்சில் குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். குமிழி கொப்பளித்துக்கொண்டே இருந்தது. நுரையீரல் ஓட்டைதான், தானாக அடைந்துவிடும் என்றார் கூட இருந்த டாக்டர். அந்த அம்மா பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குமிழி நிக்கவே மாட்டேங்குதே, கிழிஞ்சது மூச்சுக்குழாதான்" என்று, வாய் வழியாக விளக்கு வைத்த குழாயை இறக்கிப் பார்த்தார். வலது நுரையீரலுக்குப் பிரிகிற இடத்தில் கிழிசல்! அதில் படாமல் இடது பக்கத்துக்குச் சுவாசக் குழாயைச் செலுத்தி உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சர்ஜனை வரவழைத்துத் தைக்க வைத்தார். என்ன கை, என்ன நிதானம்! அந்தப் பொம்பளையைக் கும்பிடலாம்.

பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும், "பாத்தியா, காத்துன்னு நாந்தானே மொதல்ல சொன்னேன்" என்றார் நாத்தனார். அழுதுகொண்டே சிரித்தேன்.

இன்றைக்கும் என் கணவர் விடுகிற குறட்டைக்கு வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் மட்டும் எழுப்புவதே இல்லை. காற்று அதன் வழியில் போய்வருகிற சத்தத்தைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.