ஞாயிறு வாசித்ததைத் திங்கள் செய்தவர்

அக்காவோடு பூசைக்குப் போய் வந்த நீங்கள் எவரும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டீர்கள். கோவில் வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்பார்: "இண்டைக்கு வாசிச்ச நற்செய்தி கேட்டனீங்கள்தானே? நாளைக்கு அதை எங்கை செய்யப் போறியள்?" சிலர் சிரித்துக்கொண்டே நழுவுவார்கள். சிலர் பஸ் வருகிறது என்பார்கள். அக்கா விடமாட்டார். ஞாயிறு வாசித்ததைத் திங்கள் செய்யாவிட்டால் வாசித்து என்ன பயன் என்பது அவருடைய எண்ணம்.

அவர் இறைவனிடம் சென்று ஒரு வருடம் நிறைவுறும் இந்நாளில், அவருடைய தங்கையாகிய நான் அவர் வாழ்ந்த விதத்தை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

மன்னார்த் தீவில் ஒரு மீனவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே அம்மா காலமாகிவிட்டார். எனக்குத் தலை வாரி இழுத்ததும், முதல் நற்கருணையாகிய முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்ததும் அக்காதான். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து முடித்தபின் எங்கள் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார். அந்தக் கேள்வி அங்கேதான் தொடங்கியது. "சண்டை பிடிச்சவளோடை நாளைக்குக் கதைப்பன் ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், திங்கட்கிழமை பின்னேரம் அந்த வீட்டுப் படலையில் போய் நின்று, கதைத்ததா என்று விசாரிப்பார்.

அத்தானை மணந்தார். மகன் பிறந்தான். நாட்டு நிலைமை மோசமாகவே, அத்தான் சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்டார். அப்போது அக்கா வயிற்றில் சின்னவள் இருந்தாள். அவள் பிறந்த செய்தியை அத்தான் தொலைபேசியில்தான் கேட்டார். அவளை அவர் கண்டதெல்லாம் புகைப்படத்தில் மட்டும்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடியும் மூண்டது. அப்பா ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். அக்கா, மகன், சின்னவள், நான் ஆகிய நால்வரும் வேறு சில குடும்பங்களோடு இந்தியாவுக்குப் படகேறினோம். சின்னவளுக்கு ஏற்கெனவே காய்ச்சல். விடிகிற நேரம் படகோட்டி எங்களை ஒரு மணற்கரையில் இறக்கினார்.

"இதுதான் இந்தியக் கரை. கொஞ்சத் தூரம் நடந்தியள் எண்டால் ஊர் வரும்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார்.

நடந்தோம். ஊர் வரவில்லை. மறுபடியும் கடல்தான் வந்தது. நாங்கள் நின்றது நடுக்கடலில் ஒரு மணல் திட்டு. கொண்டுபோன தண்ணீர் அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. மறுநாள் பின்னேரம் இராமேஸ்வரத்து மீனவர்கள் எங்களைக் கண்டு ஏற்றிக்கொண்டார்கள். அதற்கு முன்னரே, உச்சி வெயிலில், சின்னவள் அக்காவின் மடியில் அடங்கிவிட்டாள். அந்த மீனவர்களே இடம் பார்த்துக் கொடுக்க, கரையோரக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் அவளை அடக்கம் செய்தோம். செபத்தை அக்காவே சொன்னார். குரல் உடையவில்லை. அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மண்டபம் அகதி முகாமில் சில வருடங்கள் இருந்தோம். அத்தானுக்கு விசா சரிவந்தபின் அக்காவும் மகனும் சுவிற்சர்லாந்தின் வின்டர்தூருக்குப் போனார்கள். பிறகு நான் திருமணமாகி அதே நாட்டின் கூர் நகருக்கு வந்து சேர்ந்தேன். தமிழ்ப் பூசை நடக்கும் ஞாயிறுகளில் ரெயினெடுத்து அக்காவிடம் போய்விடுவேன்.

அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. காலைச் சாப்பாட்டை அறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவருடைய பொறுப்பு. ஒரு சுவிஸ் மூதாட்டிக்கு அக்காவின் நிறம் பிடிக்கவில்லை. தட்டை வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வேறு அறைகளுக்கு மாற்றி விடவா என்று மேற்பார்வையாளர் கேட்டார். வேண்டாம் என்றார் அக்கா. முந்தின ஞாயிறு, நம்மை வாழ்த்துகிறவர்களை மட்டும் வாழ்த்துவதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது என்று கேட்கும் பகுதி வாசிக்கப்பட்டிருந்தது. அதனால் தினமும் அந்த அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்துக் காலை வணக்கம் சொன்னார். பனிக்காலம் முழுவதும் பதில் வரவில்லை. கடைசியில், அக்கா சுகமில்லாமல் வீட்டில் நின்ற ஒரு நாளில், வழக்கமாக வருகிறவள் எங்கே என்று அவர் மற்றவர்களிடம் கேட்டாராம். "மனிசி என்னைத் தேடியிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார் அக்கா. அதற்கு மேல் அதைப் பெருமையாக ஒரு நாளும் பேசியதில்லை.

பூசை முடிந்து வரும் வழியில் யாராவது சாமான் பையோடு திண்டாடினால், கேட்ட தூரத்தைப்போல் இரண்டு மடங்கு நடக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது என்பார். பையை வாங்கிக்கொண்டு நாலாம் மாடிவரை ஏறிவிடுவார். "எங்கடை வீட்டிலை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பிந்துறதுக்கு நற்செய்திதான் காரணம்" என்று அத்தான் பகிடி சொல்வார்.

இவையெல்லாம் இலகுவான பாடங்கள். கடினமான பாடம் ஒன்றும் அவருக்கு வந்தது.

ஒரு ஞாயிறு, பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம், கைகூப்பியபடி பின்வரிசைக்குத் திரும்பினார் அக்கா. கைகள் அப்படியே நின்றுவிட்டன. நானும் திரும்பினேன். பின்னால் நின்றவர் அந்தப் படகோட்டி. அவர் எங்களை அடையாளம் காணவில்லை. சிரித்த முகத்தோடு தலை குனிந்து சமாதானம் சொன்னார். அன்று அக்கா நற்கருணை வாங்கப் போகவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்:

"அக்கா, ஆளைத் தெரியுதோ?"

"ஓம்."

"வாங்கோ, போய் நாலு கேள்வி கேப்பம்."

"வேண்டாமடி. இப்ப போனால் கேக்கிறது நானாயிருக்க மாட்டன். என்ரை கோவம்தான் கேக்கும்."

அதன் பிறகு பல மாதங்கள் அக்கா நற்கருணை வாங்கவில்லை. உயிர்ப்புத் திருநாளிலும் இருக்கையிலேயே முழந்தாளில் இருந்தார். தமிழ்ப் பாதர் அதைக் கவனித்து ஒருநாள் விசாரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். யார் என்று சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னார் அக்கா.

"காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாலை வைச்சிட்டு, முதல் போய் ஒப்புரவாகு எண்டு இருக்கே பாதர். நான் இன்னும் போகேல்லை."

"அது நாங்கள் ஆருக்குப் பிழை செய்தமோ அவையிட்டைப் போகச் சொல்லுறதம்மா. இங்கை பிழை உங்களிலை இல்லை. நீங்கள் தாராளமா நன்மை வாங்கலாம்."

"விளங்குது பாதர். ஆனா அந்த முகத்தைக் கண்டால் எனக்குச் செபம் வருகுதில்லை. செபம் வராத வாயாலை என்னண்டு ஆண்டவரை வாங்கிறது?"

"அப்ப அவசரப்படாதேங்கோ. அந்த மனிசனுக்காக ஒவ்வொரு நாளும் ஒரு பரமண்டல மந்திரம் சொல்லுங்கோ. மனம் வராட்டிலும் வாயாலை சொல்லுங்கோ" என்றார் பாதர்.

அக்கா சொன்னார். பாத்திரம் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்த பனிக்காலத்தில், பூசை முடிவில் பாதர் ஓர் அறிவித்தல் சொன்னார். வயிற்றில் வெட்டிப் பிள்ளை பெற்ற ஒரு பெண் வீட்டுக்கு வந்திருக்கிறார், பெண் உறவு என்று இங்கே எவரும் இல்லை, பத்தியச் சாப்பாடு கொடுத்து உதவ யாராவது முன்வருவார்களா என்று கேட்டார். அவர் முடிப்பதற்குள் அக்கா கை உயர்த்திவிட்டார். மறுநாள் மிளகு சீரகச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்து, சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, சொன்ன விலாசத்துக்குப் போய் மணி அடித்தார். கதவைத் திறந்தவர் அந்தப் படகோட்டி.

"வாங்கோ அக்கா, பாதர் சொன்னவர்" என்றாராம் அவர்.

திரும்பி வந்துவிடலாம் என்று கால் நினைத்தது என்று பிறகு என்னிடம் சொன்னார் அக்கா. "ஆனா சட்டி சுடச்சுட இருந்தது. உள்ளுக்கை பிள்ளை அழுதது. போயிட்டன்."

அந்தப் பெண்ணுக்குச் சோறு குழைத்துக் கொடுத்தார். பிள்ளையைக் குளிப்பாட்டினார். பெண்பிள்ளை. மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். அந்தக் கிழமை முடிவில், தாய் உறங்கிய நேரம், சமையலறையில் தேநீர் ஊற்றிய மனிதரிடம் அக்கா கேட்டார்:

"என்னைத் தெரியுதோ?"

"கோவிலிலை கண்டனான் அக்கா."

"அதுக்கு முதல். மணல் திட்டிலை இறக்கினியள். காய்ச்சல்காரப் பிள்ளையோடை ஒருத்தி இருந்தாள்."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தூரத்திலை நேவிப் படகு தெரிஞ்சது. பயத்திலை இறக்கிப்போட்டுத் திரும்பிட்டன்."

"இந்தியக் கரை எண்டு ஏன் பொய் சொன்னியள்?"

"சொல்லாட்டி நீங்கள் இறங்கியிருக்க மாட்டியள்."

"பிறகாவது வந்து பாத்திருக்கலாமே?"

"நினைச்சனான். வரேல்லை. பயம்தான், வேறை ஒண்டுமில்லை." தலை நிமிராமலே கேட்டார்: "பிள்ளை?"

"அங்கையே முடிஞ்சுது."

அவர் அழுதார். அக்கா அழவில்லை. இப்படிச் சொன்னாராம்: "மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல எனக்கு இன்னும் முழுசா வரேல்லை. பொய் சொல்லமாட்டன். ஆனா உங்களுக்கு ஒரு கெடுதி வரவேணும் எண்டு நினைக்கமாட்டன். நாளைக்கும் சாப்பாடு கொண்டு வருவன்."

இந்தப் பகுதியை எழுதலாமா என்று அந்த மனிதரிடமே கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னார். பொய் சொன்னதை விடாமல் எழுதச் சொன்னார்.

அத்தானுக்குச் செய்தி தெரிந்த நாள் வீட்டில் பெரிய புயல். "என்ரை பிள்ளையை நான் கையாலை தூக்கினதில்லை. அவன்ரை பிள்ளையை நீ குளிப்பாட்டுறியோ?" என்று கேட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "வேதம் எனக்குச் சொன்னதை நான் செய்யிறன். உங்களுக்குச் சொல்லேக்கை நீங்கள் செய்யுங்கோ. நான் கட்டாயப்படுத்தமாட்டன்" என்றார். சொன்னபடியே, அதன் பிறகு அந்தப் பேச்சை அத்தானிடம் எடுத்ததே இல்லை. நானும் அத்தான் பக்கம்தான். மணல் திட்டில் நானும் இருந்தவள்.

பிள்ளைக்குச் சின்னவளின் பெயரை வைக்கட்டுமா என்று படகோட்டியும் மனைவியும் கேட்டார்கள். அக்கா சம்மதிக்கவில்லை. "அது என்ரை பிள்ளையின்ரை பேர். உங்கடை பிள்ளைக்கு வேறை பேர் வையுங்கோ" என்று நேராகச் சொல்லிவிட்டார். ஆனால் ஞானத்தாயாக நிற்கக் கேட்டபோது, இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார். ஞானஸ்நானத்துக்கு முந்தின ஞாயிறு, சமாதானம் சொல்லும் நேரத்தில் அக்கா பின்னால் திரும்பி, அந்த மனிதரைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு எழுந்து வரிசையில் போய் நின்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அக்கா நற்கருணை வாங்கினார்.

இரண்டு வருடங்களின் பின் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்காக அடிக்கடி சூரிச்சுக்குப் போக வேண்டியிருந்தது. அத்தானுக்கு வேலை நேரம் இடம் கொடுக்காத நாட்களில் காரில் ஏற்றிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர் அந்தப் படகோட்டிதான். முதலில் வாசலோடு போய்விடுவார். ஒருநாள் அத்தானே, "உள்ளுக்கை வந்து ரீ குடிச்சிட்டுப் போம்" என்றார். அவ்வளவுதான். அவர்கள் இருவரும் அதிகம் பேசி நான் கண்டதில்லை. அக்காவின் அடக்கத்தன்று பெட்டி தூக்க ஓர் ஆள் குறைந்தபோது, அத்தான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "வாரும்" என்று அவரைத்தான் கூப்பிட்டார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அக்கா என்னிடம் ஒன்று கேட்டார்.

"நான் போனாப்பிறகு என்ரை ஞானப்பிள்ளைக்கு ஆர் இருக்கினம்? நீ என்ரை இடத்திலை நிப்பியோ?"

"எனக்கு அந்த வீட்டுப் படி ஏற மனம் வருகுதில்லை அக்கா."

"எனக்கும் வந்தே ஏறினனான்? சட்டிதான் என்னை ஏத்தினது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. நான் அவர் முதுகைத் தடவினேன். ஓம் என்றும் சொன்னேன். சில நாட்களில், மகனும் அத்தானும் நானும் சுற்றி நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், அமைதியாக விடைபெற்றார்.

கொடுத்த வாக்கின்படி கடந்த மாதம் அந்த வீட்டுக்கு முதன்முறையாகப் போனேன். பிள்ளைக்கு இப்போது பேச்சு நன்றாக வருகிறது. தன் சப்பாத்துகளை எல்லாம் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அவருடைய கட்டிலருகே வந்து தங்கள் மொழியில் பாடிய முதியோர் இல்லத்துத் தோழிகளுக்கும், இறுதிவரை நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பாதருக்கும், இரவென்றும் பகலென்றும் பாராமல் சமைத்துத் தந்த வின்டர்தூர் உறவுகளுக்கும், ஊரிலிருந்து செபித்த அனைவருக்கும், இன்றைய திருப்பலியில் பங்குகொள்ளும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவைச் சூரிச்சுக்கு ஏற்றி இறக்கிய அந்த மனிதருக்கும் நன்றி. இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. யாரும் கேட்டு எழுதவில்லை. மனம் வந்துதான் எழுதுகிறேன்.

தங்கை,
கூர்.