மல்லாந்து கிடந்த செம்மறி

ஸ்கொட்லாந்தின் வடக்கே, ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கையில் நிற்கிறேன். கல்மதிலுக்கு அங்கால் ஒரு கொழுத்த செம்மறி நாலு காலையும் வானத்துக்கு நீட்டி மல்லாந்து கிடக்கிறது. கால்கள் சைக்கிள் ஓடுகிற மாதிரி அசைகின்றன. சிரிப்பை அடக்க முடியாமல் வீடியோ எடுத்து, ரொறன்ரோவில் இருக்கிற குடும்பத்துக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். "அண்ணை, உது வெயில் காயுதாக்கும்," என்று அங்கேயிருந்து தங்கச்சி எழுதுகிறாள்.

அடுத்த ஊர் ரீக்கடையில் ரீ குடித்து, கேக்கும் சாப்பிட்டு ஆறுதலாக இருந்தபிறகு, பக்கத்து மேசையில் இருந்த, ஆடு வளர்க்கிற கமக்காரரிடம் வீடியோவைக் காட்டுகிறேன். அவர் சிரிக்கவில்லை.

"பிரட்டி விட்டனீரோ?"

"இல்லை. சும்மா படுத்திருக்குதெண்டு நினைச்சன்."

"நனைஞ்ச கம்பளிப் பாரத்தில மல்லாந்தால் தானா எழும்பாது. வயிறு ஊதிச் செத்துப்போகும். இஞ்சை ஆருடைய ஆடெண்டும் பார்க்கிறேல்லை. பாதிரியாரும் மதிலேறிக் குதிச்சுப் பிரட்டி விட்டிட்டுத்தான் பிரசங்கத்துக்குப் போவார்."

பாதி ரீயை அப்படியே வைத்துவிட்டு எழும்புகிறார். அவருடைய பிக்கப் வண்டியில் திரும்பிப் போகிறோம்.

கால்கள் இப்போது அசையவில்லை. வயிற்றின்மேல் ஒரு காகம் நிற்கிறது. கமக்காரர் மதிலைத் தாண்டிப் போய் அதைக் கலைக்கிறார். மதில் என் இடுப்பளவுதான்.

போன் விடாமல் அதிர்கிறது. சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. கடைசியாகத் தங்கச்சியின் சின்னமகள் எழுதியிருக்கிறாள்: "மாமா, பிறகு அது எழும்பினதா?"