பூட்டுக்கு நகல் எடுக்காதவன்

திருப்பூரில் ஒரு நிதி நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்கள் சர்வர் அறையே எரிந்தாலும், கோவையிலுள்ள நகலிலிருந்து கணக்குகள் ஓட வேண்டும். அன்று அதற்கான ஒத்திகை. மாலை வரை இங்குள்ள சர்வரை இயக்கக் கூடாது. தேறினால் எனக்குப் பதவி உயர்வு.

அறைக்குள் நின்று சர்வரை நிறுத்தினேன். கோவை நகல் அழகாக எழுந்தது.

"அசத்திப்போட்டீங்க! வெளிய வாங்க சாமி, டீ குடிக்கலாம்" என்று ஃபோனில் கூப்பிட்டார் மேனேஜர்.

விரலை வைத்தேன், கதவு திறக்கவில்லை. கைரேகைப் பூட்டின் மென்பொருளையும் செலவு மிச்சமென்று அதே சர்வரில் ஏற்றிய மேதாவி நான்தான். அதற்கு மட்டும் நகலெடுக்க மறந்தவனும் நானேதான்.

"இங்கயே இருந்து பாத்துக்கறனுங்க" என்று சமாளித்தேன். மதியத்துக்குள் காலையில் குடித்த இரண்டு இளநீரும் வேலையைக் காட்டின. வெட்கத்தை விட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன்.

ஒத்திகையைச் சோதிக்க வந்த அதிகாரி வெளியிலிருந்து கேட்டார்: "ஏனுங்க, நெசமாவே தீப்பிடிச்சிருந்தா?"

சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. பதவி உயர்வும் கதவும் சர்வரை இயக்கும் ஒரே பொத்தானில் இருந்தன. அழுத்தினேன்.

கதவு திறந்தது, ஒத்திகை தோற்றது. ஊரார் பணத்தைக் கோவை வரை காப்பாற்றத் தெரிந்தவனுக்கு, உள்ளே ஓர் ஆள் நிற்பான் என்பது தோன்றவே இல்லை. அந்த ஆள் நானாக இருந்தும்.