மோட்டார் அண்ணனின் பெயர்

மயிலாப்பூர் போட்டோ கடையில் மூன்று பேர் இருக்கிறோம்: கடைக்காரர், நான், ஊரிலிருந்து கூட வந்த என் மைத்துனர். முப்பது வருஷம் மோட்டார் போட்டு எங்கள் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, போன மாதம் இறந்தவரின் படத்தைச் சாவடியில் மாட்டப் பெரிதாக்குகிறோம்.

"கீழ இன்னா பேரு போடணும் நைனா?"

"மோட்டார் அண்ணன்."

"அவங்கம்மா தொட்டில்ல போட்டு மோட்டார்னா கூப்ட்டாங்க? நெசப் பேரச் சொல்லு."

"அவரோட ஆதார், ரேஷன் கார்டெல்லாம் அந்தத் தகரப்பெட்டியிலதானே இருந்துச்சு" என்கிறார் மைத்துனர். சொந்தபந்தம் இல்லாதவர் என்று பெட்டியையும் அவரோடு புதைத்துவிட்டோம்.

பதறிப்போய் ஊரில் நாலு பேருக்குப் போன் போடுகிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

தினமும் தண்ணீர் விடுமுன் அவர் என் மூன்று பிள்ளைகளையும் முழுப்பெயர் சொல்லித்தான் எழுப்புவார்.