கிழக்கே போகச் சொன்னவள்

பங்குனி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் சங்கரன்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டேன். இளையரசனேந்தல் வட்டாரத்தில், என் மனைவி பிறந்த ஊருக்குத் தெற்கே உள்ள கண்மாய்ப் புறம்போக்கை வெயில் ஏறுமுன் அடைந்தேன். கண்மாயில் தண்ணீர் இல்லை. மேற்கு மடையருகே மட்டும் ஈரம் இருந்தது. மடைக்கு அப்பால் சிறு பாறைக் கரடு. கிழக்கே உடைமரக் காடு. இரு பக்கமும் குளம்படிகள் இருந்தன. உடன் வந்தவர் எவருமில்லை.

வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தகவல்களை இப்படிக் குறிப்பது பழக்கம். சென்ற ஆண்டு வரை கடைசி வரியை எழுத வேண்டிய தேவை எழுந்ததில்லை.

அந்த ஊரில் கோயில் கொடைவிழா முடிந்த மறுநாள் சாமி வேட்டை நடக்கும். மான் வேட்டை சட்டப்படி குற்றமாகி வெகு காலமாயிற்று. ஆகவே பேருக்குத்தான் என்பார்கள். ஆனால் கம்புகளோடும் நாய்களோடும் புறம்போக்குக்குள் இறங்கும் கூட்டம், எதிர்ப்பட்ட எதையும் உயிரோடு விட்டு வந்ததாக நான் கேட்டதில்லை. கோடை தொடங்கி, உளுந்தும் பாசியும் அறுத்து முடிந்த அந்த நாட்களில் கண்மாய் ஈரத்தைத் தேடிப் புள்ளிமான்கள் இறங்கி வரும். வேட்டைக்கு முந்தைய ஞாயிறன்று தடம் பார்த்து, கூட்டம் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொல்வது என் மாமனார் வீட்டு உரிமை. அவருக்கு ஆண் வாரிசு இல்லை. அவருக்குப் பின் என் மனைவி சொன்னாள். பெண் சொல்லைக் கேட்டு வேட்டைக்குப் போவதா என்று சிலர் முனகியபோது, "அப்பம் நீங்களே போய்ப் பாத்துக்கிடுங்க" என்றாள். யாரும் போகவில்லை.

முதல் ஆண்டு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மடையருகே குத்துக்காலிட்டு அமர்ந்தாள். தண்ணீர்ப் புட்டியைப் பிடித்தபடி நிற்பது என் பணி. உள்ளங்கையைச் சேற்றின்மேல் படாமல் பிடித்துப் பார்த்தவள், "மூணு பெட்டை, ஒரு குட்டி" என்று மெல்லச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து, கோயில் முன் கூடியிருந்த உறவினர்களிடம் தயக்கமின்றி, "கெழக்க போங்க" என்றாள். திரும்பும் வழியில், மான்கள் மேற்கேயல்லவா என்று கேட்டேன். பின்னிருக்கையிலிருந்து பதில் வந்தது. "தடம் பாக்கத்தான போனேன்? காட்டிக் குடுக்கவா போனேன்?"

அதன்பின் வேட்டை ஒவ்வோர் ஆண்டும் வெறுங்கையோடு திரும்பியது. தடம் பார்க்கத் தெரியாதவள் என்ற பெயரை அவள் சிரித்தபடி சுமந்தாள். அவளுடைய சித்தப்பா மகன் ஒரு முறை வாசலில் நின்றே கேட்டான்: "ஏக்கா, ஒரு ஓணான் கூட ஆம்புடலயே?"

"ஏலே, நீ நடக்குத சத்தத்துக்கு ஓணான் ஒக்காந்திருக்குமா?"

ஐப்பசியில் அவள் இறந்தாள். மாசிக் கடைசியில் அதே தம்பி வந்தான். கால் மேல் கால் போடாமல், நாற்காலி விளிம்பில் அமர்ந்திருந்தான். "அத்தான், இது ஒங்க வீட்டு மொற. ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். இல்லன்னா கேமராவப் பறக்க விட்டுப் பாத்துக்கிடுதோம்ங்கானுவ இந்தப் பயலுவ."

ஆகவே மறுக்க இயலவில்லை. ஆட்டின் தடத்தையும் மானின் தடத்தையும் பிரித்தறிய எனக்குத் தெரியாது என்பதே இடர். அவள் விளக்கியதுண்டு. நான் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிரத் தரையைப் பார்க்கவில்லை. நான் பிழையாகச் சொன்னால், அவள் இத்தனை ஆண்டுகள் காத்தவற்றின்மீதே நாய்களை ஏவியவனாவேன்.

அந்த ஞாயிறன்று இரு பக்கமும் முழங்காலிட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அவள் பிடித்ததுபோல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். அது என்ன சொல்ல வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை. கரைமேல் வந்த ஆட்டுக்காரர் நின்றார்.

"என்ன சார், எதையும் தொலச்சிட்டீயளா?"

"இல்லை. சும்மா பார்க்கிறேன்."

"அக்காவும் இப்படித்தான் குனிஞ்சே திரியும்."

இவரிடம் கேட்டால் உச்சிப்பொழுதுக்குள் டீக்கடைக்குச் செய்தி போய்விடும். ஆதலால் ஆடுகளுக்கு இந்தக் கோடையில் இரை கிடைக்கிறதா என்று மட்டும் விசாரித்தேன்.

"கெழக்க உடங்காய் கொட்டிக் கெடக்கே. அங்கனதான் மேயுது. இந்தக் கரட்டுல என்ன இருக்கு? இந்த வருசம் ஒரு ஆட்டக்கூட இந்த மேக்குப் பக்கம் பத்திட்டு வரல, சார்."

அவர் போன பிறகும் நெடுநேரம் மடையருகே நின்றேன். அப்படியானால் என் காலடியில் கிடந்தவை ஆடுகளின் தடங்கள் அல்ல.

கோயில் முன் சென்று, "கிழக்கே போங்கள்" என்றேன். நான் புத்தகத் தமிழில் பேசியது கேட்டு இளைஞர்கள் சிரித்தார்கள். சான்றின்றி எழுதிய மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான். அன்று சான்றுக்கு நேர் எதிராகச் சொன்னேன்.

வேட்டையன்று மாலை தம்பியின் அழைப்பு வந்தது. "அக்கா சொன்னாலும் ஒண்ணும் ஆம்புடல, அத்தான் சொன்னாலும் ஒண்ணும் ஆம்புடல. நல்ல சோடிதான் போங்க!" அவன் சிரித்தான்; நானும் சிரித்தேன். கைப்பேசியை வைத்துவிட்டு, இதைச் சொல்வதற்காக எழுந்து சமையலறை வாசல் வரை போய்விட்டேன்.

செய்யாமல் இருப்பவை: குடும்ப அட்டையில் பெயர் நீக்கம். தையற்கடையில் அவள் தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்கி வருவது. இந்த ஆண்டு மேற்கே வந்தவற்றில் குட்டி இருந்ததா என்று தெரிந்துகொள்வது.