கோவை இலையும் பத்தியமும்

கல்கத்தாவில் அரசாங்க ரசாயனக்கூடம் ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், கிடர்பூரில் குடியிருந்த என் தமக்கையின் கணவருக்கு நீரிழிவு கண்டது. கப்பல் கம்பெனி அதிகாரியான அவர் உணவை ரசித்து உண்பவர். டாக்டர் சோற்றை நிறுத்தச் சொன்னார். அவர் டாக்டரை நிறுத்தினார்.

வங்காளத்து வைத்தியர்கள் இந்நோய்க்குத் தேலாகுச்சா என்னும் கொடியின் இலைச்சாற்றைக் கொடுப்பதுண்டு. நம் கோவைக்கொடிதான் அது; தமக்கை வீட்டுக் கொல்லையிலும் படர்ந்திருந்தது. அதன் பயனைச் சோதித்து, டாக்டர்கள் கூடும் சபையில் கட்டுரை வாசிக்க எண்ணினேன். தமக்கையின் கணவரான அத்திம்பேர் உடனே இசைந்தார். இலை பலித்தால் சோற்றை விட வேண்டியதில்லை என்பது அவர் நினைப்பு. காலையில் சாறு பருகி, மற்றபடி எப்போதும்போல் உண்ண வேண்டும் என்று அவரிடமும் அக்காவிடமும் தெளிவாகவே சொன்னேன்.

சிறுநீரில் சர்க்கரை இருந்தால், நீலக் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சும்போது செங்கல் நிறத்தில் வண்டல் படியும். தொடக்கத்தில் படிந்தது. நாளடைவில் குறைந்து, பின்பு நீலம் நீலமாகவே நின்றது. சபைக்கு எழுதித் தேதியும் பெற்றேன்.

கட்டுரையில் உணவைப் பற்றி ஒரு வரி வேண்டியிருந்தது. அவர் வேளைக்கு எவ்வளவு சோறு உண்கிறார் என்று அக்காவைக் கேட்டேன்.

"சாறு குடுக்க ஆரம்பிச்ச அன்னிக்கே சாதத்தை நிறுத்திட்டேனே. மோரும் கீரையும்தான்."

"எப்பவும்போலன்னுதானே சொன்னேன்?"

"மருந்து சாப்பிடறச்சே எப்பவும் அப்படித்தானேடா. பத்தியம் இல்லாம மருந்து ஏது?"

டாக்டர் சொல்லியும் விடாத சோற்றை, பத்தியம் என்றதும் அவர் மறுபேச்சின்றி விட்டிருந்தார். பத்தியத்துக்கு ஒரு முடிவு உண்டல்லவா?

சபையில் வாசிப்பதைத் தள்ளிவைத்தேன். சாற்றோடு சோறும் உண்ணச் செய்து பார்த்தேன். செங்கல் நிறம் திரும்பியது. சாற்றை நிறுத்திப் பத்தியத்தை மட்டும் தொடர்ந்தபோது நீலம் மாறவில்லை. ஒரே நோயாளியைக் கொண்டு இலை பயனற்றது என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. பயனுடையது என்று சொல்லவும் எனக்கு ஆதாரமில்லை. சபையில் அவ்வளவே வாசித்தேன். புது மருந்தை எதிர்பார்த்து வந்தவர்கள் சீக்கிரம் எழுந்து போனார்கள். ஆதாரமின்றி ஒரு சொல்லும் சொல்லாதவன் என்ற பெயர் எனக்கு நிலைத்தது.

அத்திம்பேரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ பத்தியம் என்னிக்கு முடியும்?" என்றார்.

முடியாது என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்து, "அந்த இலையைக் கொல்லையிலேயே விட்டுடு. அது பாவம், ஒண்ணும் பண்ணலை" என்று சொல்லி மோர்க்கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.