நான்காம் பக்கம்

என் அக்கா பகலில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட், சாயங்காலம் சட்டக் கல்லூரி மாணவி. மூன்று வருடப் படிப்பு நாலு வருடமாக இழுத்ததற்கு அவள் மூளையைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குப் பரீட்சை இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் அந்த வக்கீலுக்கு அவசர மனு ஞாபகம் வரும்.

எப்படியோ எல்லாத் தாளும் தேறிவிட்டாள். பாக்கி பயிற்சிப் பதிவேடு மட்டும். எந்த வழக்கைப் பார்த்தாள், என்ன மனு எழுதினாள் என்று கையால் எழுதிய தொண்ணூறு பக்க நோட்டு. கடைசிப் பக்கத்தில் அந்த வக்கீல் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். பதினொரு மாதமாகக் கேட்டாள். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'அடுத்த வாரம்' என்று ஆகிவிட்டது.

ஒருநாள் அவர் போனில் யாரிடமோ பேசியது அக்கா காதில் விழுந்தது.

"அவ வக்கீலாயிட்டா எனக்கு யாருய்யா டைப் அடிக்கிறது?"

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. சாப்பிட்ட தட்டை மூன்று தரம் கழுவினாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த மாதமே கல்லூரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். படிப்பில் ஏதாவது ஒன்று பாக்கி இருப்பவர்களும் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொள்ளலாம். அங்கி உண்டு, மேடை உண்டு, கையில் ஃபைல் உண்டு. ஃபைலுக்குள் மட்டும் ஒன்றும் இருக்காது. சிறப்பு விருந்தினர் வேறு யார், 'அடுத்த வாரம்'தான்.

"நாற்காலியில பசை தடவட்டுமாக்கா?" என்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வழியனுப்பியதே அந்தத் திறமைக்காகத்தான்.

"வேண்டாண்டி. அவரு பேச்சை நான்தான் டைப் பண்றேன்."

விஷயம் இதுதான். அக்கா அடித்துக் கொடுப்பதை அந்த மனிதர் முன்கூட்டிப் படித்ததே கிடையாது. கோர்ட்டில் எழுந்து நின்ற பிறகுதான் தாளைப் பார்ப்பார். குரல் கம்பீரமாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒருமுறை தாள் மாறிப்போய், எதிர்த்தரப்பு வாதத்தை ஒன்றரைப் பக்கம் உருக்கமாக வாசித்திருக்கிறார்.

விழா அன்று காலை அக்காவின் அங்கி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. விளிம்பை மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

"ரெண்டு காலும் வெளிய வருமாடி?"

"போட்டுப் பாரு."

அன்றைக்கு ஒரு தடவை குறும்பில்லாமல் நேராகத்தான் தைத்தேன்.

மேடையில் 'அடுத்த வாரம்' முழங்கினார். முதல் மூன்று பக்கம் நீதி, நேர்மை, கடமை. நான்காம் பக்கத்தைத் திருப்பினார்.

"இங்கே அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் என் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் உழைத்தவர். நான் வாதாடிய மனுக்களில் பாதியை எழுதியவர் அவரே. அவருடைய பயிற்சிப் பதிவேட்டில் இப்போது, உங்கள் முன்னிலையில், கையெழுத்..."

அங்கேதான் அவர் புத்தி வாயை எட்டிப் பிடித்தது. ஆனால் அரங்கம் முந்திக்கொண்டது. கைதட்டல் அடங்கவே இல்லை. கல்லூரி முதல்வர் எழுந்து நின்று தட்டினார்.

அக்கா நிதானமாகப் படியேறினாள். சற்று முன் மேடையில் வாங்கிய வெறும் ஃபைலைத் திறந்தாள். உள்ளே அந்தத் தொண்ணூறு பக்க நோட்டு இருந்தது.

"பேனா இல்லையே" என்றார் அவர்.

"இருக்கு சார்."

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவர் பல்லைக் காட்டியபடியே கையெழுத்துப் போட்டார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றாராம், அக்கா பிற்பாடு சொன்னாள். அவர் கையை எடுத்ததும் அவள் சொன்ன பதில் மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"ராஜினாமா உங்க மேஜை மேல இருக்கு சார். அதையாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஐந்தாம் பக்கத்தில் வெறும் நன்றியுரைதான். ஆனால் அவர் அதை உதடசையாமல் ஒவ்வொரு வரியாக, கடைசிவரை படித்துப் பார்த்தார். அரங்கமே காத்திருந்தது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.